ஆயக்காரன் வேஷம்

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் வரும் உவமையை நாடகமாகப் போட்டோம். இரண்டு பேர் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பதையும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும் கடவுளிடம் கணக்கு ஒப்பிக்கிறான். அந்தப் பக்கம் நிற்கிறவனைப் போலத் தான் இல்லை என்பதற்கு நன்றியும் சொல்கிறான். அந்தப் பக்கம் நிற்கிறவன் ஆயக்காரன். ரோமானியர்களுக்காக வரி வசூலிக்கிறவன், ஊரே காறித் துப்பும் ஆள். அவன் தலை நிமிராமல் மார்பில் அடித்துக்கொள்கிறான். நீதிமானாக வீடு திரும்புவது அவன்தான் என்று இயேசு கதையை முடிக்கிறார்.

ஒத்திகையில் ஒரு சிக்கல். பரிசேயனாக நடிக்க ஒருவரும் வரவில்லை. எல்லாருக்கும் ஆயக்காரன் வேஷம்தான் வேண்டும். கடைசியில் எனக்குக் கிடைத்தது. விழா அன்று நான் மார்பில் அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் எதிரொலித்தது. முன்வரிசை ஆன்ட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டு வாரத்துக்குச் சபையில் நான்தான் ஹீரோ. டீச்சர் வற்புறுத்தியதால் பரிசேயனாக நடித்த பையன் பாதியில் வசனம் மறந்து மேடையிலேயே அழுதுவிட்டான். அவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

டால்ஸ்டாயின் 'ஃபாதர் செர்ஜியஸ்' குறுநாவலைச் சமீபத்தில் மூன்றாவது முறையாகப் படித்தபோது அந்த மேடை ஞாபகத்துக்கு வந்தது. முதல் இரண்டு முறையும் அதைக் காமத்தோடு போராடும் ஒரு துறவியின் கதை என்றுதான் படித்திருந்தேன். கல்லூரி விடுதியில் இருக்கிறவனுக்கு அது அப்படித்தான் தெரியும். இந்த முறை கதை வேறாக இருந்தது. ஆயக்காரன் வேஷத்துக்காக வாழ்நாள் முழுக்கப் போட்டி போட்ட ஒருவனின் கதையாக.

1890இல் எழுதத் தொடங்கி 1898இல் முடித்த இந்தக் கதையை டால்ஸ்டாய் வெளியிடவில்லை. அவர் இறந்த பிறகு, 1911இல்தான் வந்தது. 1840களின் பீட்டர்ஸ்பர்க்கில் எல்லாரையும் வியக்கவைத்த ஒரு சம்பவத்தோடு கதை தொடங்குகிறது. அழகன், இளவரசன், ஜார் முதலாம் நிக்கோலஸின் மெய்க்காவல் அதிகாரி ஆகப்போகிறான் என்று எல்லாரும் நம்பிய ஸ்தெபான் கசாட்ஸ்கி, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிச்சயதார்த்தத்தை முறித்து, சொத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மடாலயத்துக்குப் போய்விடுகிறான். காரணம், தான் தேவதையாக நினைத்த பெண் ஜாரின் ஆசைநாயகியாக இருந்தவள் என்று அவளே சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அந்த ஜாரைத்தான் அவன் தெய்வமாக வைத்திருந்தான்.

இதை வாசிக்கும் எவரும் காதல் தோல்வி, அதனால் துறவு என்று நினைத்துக்கொள்வார்கள். டால்ஸ்டாய் அப்படி விடுவதில்லை. கசாட்ஸ்கி எதைத் தொட்டாலும் அதில் முதல் ஆளாக வரவேண்டும். படிப்பு, பிரெஞ்சுப் பேச்சு, சதுரங்கம், எதுவானாலும். ஒன்றை முடித்ததும் அடுத்தது. மேல்தட்டுச் சமூகத்தின் உச்சிக்குப் போக எடுத்த முயற்சியில்தான் அந்தப் பெண்ணும் வருகிறாள். அங்கே தனக்கு மேலே ஒருவர் ஏற்கெனவே நிற்கிறார், அவரைத் தாண்டவே முடியாது என்று தெரிந்ததும் அவன் ஏணியையே மாற்றிக்கொள்கிறான். ஜாரும் ஏற முடியாத ஏணி. கீழே நிற்கிறவர்களை எல்லாம் குனிந்து பார்க்கலாம். அவன் தங்கைக்கு மட்டும் இது புரிகிறது, அவளும் அதே ரகம் என்பதால். பக்தியும் உண்மையாகவே அவனிடம் இருந்தது என்று டால்ஸ்டாய் சேர்த்துச் சொல்கிறார். இரண்டும் ஒரே நூலில் முறுக்கிக் கிடந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பக்தி போலியாக இருந்தால் பிரச்சினையே இல்லையே, கிழித்துப் போட்டுவிடலாம்.

மடாலயத்திலும் அவன் நல்ல துறவிதான். கீழ்ப்படிதலில் முதல் ஆள்! ஆனால் அங்கே கற்க வேண்டியதைக் கற்று முடித்ததும் சலிப்பு வந்துவிடுகிறது. எல்லா லெவலும் முடித்த வீடியோ கேம் மாதிரி. பிறகு தலைநகருக்கு அருகிலுள்ள மடத்தில், வழிபாடு நடக்கும்போது, மடத்தலைவர் அவனைக் கூப்பிட்டு அவனுடைய பழைய படைத் தளபதிக்குக் காட்சிப் பொருளாகக் காட்டுகிறார். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தன் குருவுக்குக் கடிதம் எழுதுகிறான். குரு பதிலில் நோயைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்: நீ பதவிகளை மறுத்தது கடவுளுக்காக அல்ல, உன் பெருமைக்காக. பிறகு மருந்து எழுதுகிறார்: தனிமை, குகை, ஏகாந்தத் தவம்.

நோயை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்த குரு ஏன் இந்த மருந்தைக் கொடுத்தார்? தன்னைத் தவிர வேறு எதையும் பார்க்காதவனைத் தன்னைத் தவிர வேறு யாருமே இல்லாத இடத்துக்கு அனுப்புகிறார். டால்ஸ்டாய்க்குத் திருச்சபையின் மேலிருந்த கசப்பு இதில் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் இந்தக் கடிதத்திலேயே அவர் அதை முந்திக்கொண்டு விலக்கிவிட்டார்.

திருச்சபைக்கு இந்த நோய் தெரியாதா என்றால், மிக நன்றாகத் தெரியும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, துறவியைத் தாக்கும் எட்டுக் கெட்ட எண்ணங்களைப் பட்டியலிட்டார். பெருந்தீனியில் தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு இடம் வீண்புகழ்ச்சிக்கும் பெருமைக்கும். அவருக்குப் பின் வந்த காசியன் வீண்புகழ்ச்சியை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல். சீனாய் மலையில் வாழ்ந்த யோவான் கிளிமாக்கஸ் சொன்ன உவமை இன்னும் கூர்மையானது: எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே நிற்கும் நெருஞ்சி முள். உபவாசம் இருந்தால் பெருமை. அதை மறைக்க நாலு பேர் முன்னால் சாப்பிட்டால், மறைத்த சாமர்த்தியத்தில் பெருமை. நல்ல துணி உடுத்தினாலும் பெருமை, கந்தலை உடுத்தினாலும் பெருமை.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான பயம். ரிகர்ஷனில் ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையை எழுத மறந்தால் நினைவகம் தீரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நான் தாழ்மையானவன் என்று எனக்குத் தெரிகிறது, அது பெருமை என்று எனக்குத் தெரிகிறது, அப்படித் தெரிந்துவைத்திருப்பதே ஒரு பெருமை என்றும்கூட. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபில் இதற்குப் 'பிரெலெஸ்த்' என்று ஒரு சொல். தன்னைப் புனிதனாக நம்பவைக்கும் ஆன்மிக மயக்கம். இன்றைய பேச்சு ரஷ்யனில் அதே சொல்லுக்கு வசீகரம், அழகு என்று பொருள். பூங்கொத்தைப் பார்த்தும் அதைச் சொல்வார்கள். நம் பக்கம் சைவ சித்தாந்தம் ஆணவத்தை ஒரு குணமாகச் சொல்லாமல் மலம் என்றது, செம்பில் களிம்பு போல உயிரோடு கூடவே இருப்பது என்றது. பாலைவனத் துறவிகள் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

கதையின் பிரபலமான காட்சிக்கு வருவோம். ஏகாந்தத்தின் ஆறாவது ஆண்டு. மக்கோவ்கினா என்ற விவாகரத்தான பணக்காரப் பெண், அந்தத் துறவியின் குடிலில் ஓர் இரவு தங்கிக் காட்டுகிறேன் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டி வருகிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் ஈர உடையைக் கழற்றும் சத்தம். செர்ஜியஸ் வெளியே போய்க் கோடரியால் இடது ஆள்காட்டி விரலை வெட்டிக்கொள்கிறான். அவள் மனம் உடைந்து போகிறாள், ஓர் ஆண்டில் கன்னியர் மடத்தில் சேர்கிறாள்.

கதையின் நடுவிலேயே இந்த உச்சத்தை ஏன் வைத்தார்? சாதாரணப் புனிதர் கதை என்றால் இதோடு முடிந்திருக்கும். டால்ஸ்டாய் இதை ஒரு சாதனையாக வைக்கிறார். ஊர் முழுக்கப் பரவுகிறது. கூட்டம் வருகிறது, நோய் தீருகிறது, தங்கும் விடுதி கட்டுகிறார்கள், மடத்துக்கு வருமானம். வெட்டுப்பட்ட விரல் கிட்டத்தட்ட ஒரு முத்திரை மாதிரி ஆகிவிடுகிறது. அதே நேரம் டால்ஸ்டாய் கேலி செய்யவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கோவ்கினாவின் மாற்றம் நிஜம். பெருமையிலிருந்து பிறந்த செயலாலும் இன்னொருத்திக்கு நல்லது நடக்கிறது. செய்தவன் மட்டும் உள்ளே வற்றிக்கொண்டே போகிறான்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு வியாபாரி தன் 22 வயது மகள் மரியாவைச் சுகப்படுத்தக் கொண்டுவருகிறான். பகல் வெளிச்சத்துக்குப் பயப்படுகிறவள், மனவளர்ச்சி குன்றியவள். பாலைவனத்தில் எத்தனையோ வருடம் பயிற்சி எடுத்தவன் அந்த ஒரே இரவில், பெரிய போராட்டம்கூட இல்லாமல் விழுந்துவிடுகிறான்.

மறுநாள் விடியற்காலை அரைப் பக்கம்தான், ஆனால் டால்ஸ்டாயின் மேதைமை அதில் இருக்கிறது. அவன் முதலில் நினைப்பது, அவள் அப்பனிடம் சொல்லிவிடுவாளே என்று. அடுத்து, அவள் பிசாசு என்று. அடுத்து, விரலை வெட்டிய அதே கோடரி கண்ணில் படுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு குடிலை நோக்கி நடக்கிறான். எதற்கு என்று டால்ஸ்டாய் சொல்லவில்லை. எதிரே வந்த பணியாள், விறகு வெட்டணுமா, கோடரியைக் கொடுங்கள் என்று கேட்கிறான். செர்ஜியஸ் கொடுத்துவிடுகிறான். அவ்வளவுதான். காவியப் பொருளாக மாறிப்போயிருந்த அந்தக் கோடரி மறுபடி விறகுக் கோடரி ஆகிவிட்டது. ஒரு கொலையோ தற்கொலையோ மகத்தான பாவநிவாரணமோ நடந்திருக்க வேண்டிய இடத்தில் அன்றாட வேலை குறுக்கே வந்துவிடுகிறது. அவன் தலைமுடியை வெட்டிக்கொண்டு, குடியானவன் உடையில் ஆற்றுப் பக்கம் இறங்கி நடக்கிறான்.

தமிழ் பைபிளின் 'மனந்திரும்புதல்' என்ற சொல் இங்கேதான் எனக்கு விளங்கியது. வருத்தப்படுவது, அழுவது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. திரும்புதல்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதே கேள்வி. செர்ஜியஸ் முன்பு செய்தது எல்லாம் மேல்நோக்கித் திரும்புவது. இப்போது கனவில் வந்த தேவதை அவனைப் பாஷெங்காவிடம் போகச் சொல்கிறது.

யார் இந்தப் பாஷெங்கா? சின்ன வயதில் வீட்டுக்கு வந்த ஒரு ஒல்லிப் பெண். எல்லாருமாகச் சேர்ந்து, எப்படி நீந்துவாய் காட்டு என்று சொல்ல, அவள் வெறும் தரையில் படுத்துக் கைகாலை அசைத்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அவள் கிழவி. குடித்தே செத்துப்போன கணவன், வேலை இழந்து நரம்புத் தளர்ச்சியோடு கிடக்கும் மருமகன், மகள், பேரப் பிள்ளைகள் எல்லாரையும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றுகிறாள். பிச்சைக்காரன் வந்திருக்கிறான் என்றதும் சில்லறை தேடுகிறாள். இருப்பது பத்துக் கோபெக் நாணயம் மட்டும். அது அதிகம், ரொட்டி கொடுத்தால் போதும் என்று நினைக்கிறாள். உடனே அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டு ரொட்டியையும் பத்துக் கோபெக்கையும் சேர்த்துக் கொடுக்கிறாள். இதுவும் மனந்திரும்புதல்தான் என்று எனக்குப் பட்டது. மொத்தம் ஐந்து விநாடி. பார்க்க ஆளில்லை, அவளுக்கே அடுத்த நிமிடம் ஞாபகம் இருக்காது.

கோயிலுக்குப் போவதுண்டா என்று அவன் கேட்கிறான். எப்போதாவதுதான், கந்தல் உடையில் போக வெட்கமாக இருக்கிறது, சோம்பேறித்தனமும்தான் என்கிறாள். ஜெபமும் வெறும் வாயளவில்தான் என்கிறாள். செர்ஜியஸின் ஞானம் இங்கே பிறக்கிறது: தான் கடவுளின் பெயரால் மனிதர்களின் பார்வைக்காக வாழ்ந்தேன், இவள் மனிதர்களுக்காக வாழ்வதாக நினைத்துக்கொண்டு கடவுளுக்காக வாழ்கிறாள். கதையில் அடிக்கோடு போடப்படும் இடம் இது. எனக்கு இந்த வாக்கியம் கொஞ்சம் உறுத்தியது. பாஷெங்காவைப் பார்த்த மாத்திரத்தில் அவளை ஒரு தத்துவமாக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறானே. பேசிவிட்டுக் கிளம்புகிறான். அந்த வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்கூட இறைத்துக் கொடுக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மரியா எங்கே போனாள்?

அவள்தான் அவன் கையைப் பிடித்தாள் என்று டால்ஸ்டாய் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். அவள் சிகிச்சைக்கு வந்த நோயாளி. அவளுக்கு என்ன ஆயிற்று, அப்பன் என்ன செய்தான் என்று கதை ஒரு வரி சொல்வதில்லை. நம் ஆள் பாவியாகி, மனந்திரும்பி, பாஷெங்காவைக் கண்டு, ஞானமடைந்து, ஊர் ஊராகப் போகிறான். ஒருநாளும் அந்தப் பெண்ணிருக்கும் திசையில் நடக்கவில்லை. பாவ அறிக்கை கதைகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கோளாறு உண்டு. பாவம் செய்தவனின் ஆத்துமாதான் மேடை. பாதிக்கப்பட்டவர் ஒரு காட்சியில் வந்துபோகும் துணைப் பாத்திரம்.

டால்ஸ்டாய்க்கு இது தெரியாமல் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்த 'புத்துயிர்ப்பு' நாவலில் (1899) நெஹ்லூதவ், தான் கெடுத்த கத்யூஷா மாஸ்லவாவைத் தேடிச் சிறைக்கே போகிறான், சைபீரியா வரை பின்தொடர்கிறான். அங்கே என்ன ஆகிறது? அவள் அவன் முகத்தில் அறைகிற மாதிரி சொல்கிறாள்: இந்த உலகத்தில் என்னைச் சுகத்துக்குப் பயன்படுத்தினாய், இப்போது மறுஉலகத்தில் உன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் நானே வேண்டுமா என்று. ஆக, போகாமல் இருந்தாலும் தப்பு, போனால் அதிலும் நெருஞ்சி முள்ளின் ஒரு முனை மேலே நிற்கிறது. இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால்தான் டால்ஸ்டாய் எவ்வளவு இறுக்கமான மூலைக்குள் நின்று எழுதினார் என்று புரிகிறது. நெஹ்லூதவ் செய்தது மேலானது என்பதே என் தீர்ப்பு. அந்தச் சூடான சொற்களைக் கேட்கவாவது அவன் அங்கே நின்றான்.

தஸ்தாயெவ்ஸ்கி இதே முடிச்சைக் 'பேய்கள்' நாவலின் ஓர் அத்தியாயத்தில் தொட்டார். பத்திரிகை ஆசிரியர் கட்கோவ் அதைப் போட மறுத்ததால் 1922இல்தான் வெளிச்சம் கண்ட அத்தியாயம். ஒரு சிறுமிக்குச் செய்த கொடூரத்தை எழுதி, ஊருக்கெல்லாம் விநியோகிக்க அச்சடித்தே வைத்திருக்கும் ஸ்தவ்ரோகின் அதைத் துறவி தீகனிடம் காட்டுகிறான். ஊரின் வெறுப்பை அவன் தாங்கிவிடுவான், சிரிப்பைத் தாங்கமாட்டான் என்று தீகன் கண்டுகொள்கிறார். வெளியிடாதே, யாருக்கும் தெரியாமல் ஒரு பெரியவருக்குக் கீழ்ப்படிந்து சில வருடம் இரு என்கிறார். ஸ்தவ்ரோகின் ஆத்திரத்தோடு எழுந்து போகிறான். பாஷெங்காவைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பைத் தாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் தோன்றியது.

என் கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் இரவில் ஓட்டிய ஒரு ஸ்கிரிப்ட்டால் நான்கு மணிநேரம் சேவை முடங்கியது. மறுநாள் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை எழுதினேன். முழுப் பழியும் என்னுடையது, எங்கே சோம்பல் பட்டேன், எங்கே அவசரப்பட்டேன் எல்லாம் ஒளிக்காமல். பாராட்டு குவிந்தது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் டீமில் இளையவள் ஒருத்தி இந்த ஸ்கிரிப்ட் ஆபத்து என்று ரிவ்யூவில் முன்னாடியே எழுதியிருந்தாள். நான் அதைத் தள்ளிவிட்டிருந்தேன். அந்த அறிக்கையில் அவள் இல்லை. அழகான பாவ அறிக்கையில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. போய்ச் சொன்னேன். "பரவால்ல அண்ணா, ரிப்போர்ட் சூப்பரா இருந்துச்சு" என்றாள். அது கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதையின் முடிவில் செர்ஜியஸ் எட்டு மாதம் நாடோடியாக அலைகிறான். வழியில் மேட்டுக்குடிக் கூட்டம் ஒன்று, ஒரு பிரெஞ்சுப் பயணிக்கு ரஷ்ய யாத்திரிகர்களை வேடிக்கை காட்டிவிட்டு, அவனுக்கு 20 கோபெக் கொடுக்கிறது. அவன் தாழ்மையாக வாங்கி ஒரு குருட்டுப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறான். மனிதர்களின் அபிப்பிராயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கடவுளை உணர்கிறோம் என்று மகிழ்கிறான். மடத்தில் தளபதி முன் காட்சிப் பொருளாக நின்றபோது வந்த கோபம் இப்போது இல்லை என்று காட்டத்தான் இந்தக் காட்சி. ஆனால் பழைய ஆள் இன்னும் சாகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னும் அளந்துகொண்டேதான் இருக்கிறான், அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான், அவ்வளவே. டால்ஸ்டாயே யஸ்னயா பல்யானாவில் உலகெங்கிலுமிருந்து வரும் பார்வையாளர்களுக்கு நடுவே ஞானியாக உட்கார்ந்து இதை எழுதினார். 1910இல், 82 வயதில், அவரும் ஓர் இரவில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். ஆப்டினா மடத்துக்குப் போனார், அங்கிருந்த பெரியவர்களைச் சந்திக்காமலே கிளம்பினார். அஸ்தாபவா ரயில் நிலையத்தில் அவர் இறந்துகொண்டிருந்தபோது வெளியே நிருபர்களும் சினிமா கேமராவும் காத்திருந்தன. செர்ஜியஸுக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை.

20 கோபெக் காட்சியோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அதன் பிறகு சில வரிகள் இருக்கின்றன. அடையாளச் சீட்டு இல்லாததால் போலீஸ் பிடிக்கிறது, சைபீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு வசதியான குடியானவன் வீட்டில் தங்கி, இப்போதும் வாழ்கிறான், தோட்டத்தில் வேலை பார்க்கிறான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறான். இந்தக் கடைசி வரிகளில் அவன் என்ன நினைக்கிறான், என்ன உணர்கிறான் என்று ஒரு சொல் கிடையாது. அவன் மனதுக்குள் அவ்வளவு நேரம் இருந்த டால்ஸ்டாய் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் என்ன பயிர் என்று எழுதவில்லை. சைபீரியாவில் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போட்டிருப்பார்கள். ஒரு விரல் குறைந்த கையோடு களை எடுப்பது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்திருக்கும். பார்க்கிறவர்கள் ஏதோ விறகு வெட்டும்போது பட்டது என்று நினைத்திருப்பார்கள்.